ஏழு கோடி வருச எலும்பு

சிவகௌரி: இஞ்சாருங்கோ... எலும்பு உளுக்குமே?

மயூரதன்: என்ன விசர்க் கேள்வி? மரமெல்லோ உளுக்கும்.

சிவகௌரி: இல்லை... கண்ணாடிப் பெட்டிக்குள்ளை, உங்கடை டைனோசர் எலும்புக்குக் கீழை மா கொட்டிக் கிடக்கு.

மயூரதன்: மாவே! ஏழு கோடி வருசத்துச் சாமானப்பா. தாதுப்பொருள் உதிருது.

சிவகௌரி: தாதுப்பொருளுக்குக் கால் இருக்கே? வண்டு ஓடுது.

மயூரதன்: ...என்ரை கண்ணாடியைத் தாரும். ஐயோ! நாளைக்குப் பள்ளிக்கூடக் கண்காட்சி... கல்லு ஆராயிற பேராசிரியர் உதைப் பார்க்கத்தான் வாறார்!

சிவகௌரி: கனடாவிலை எடுத்ததெண்டு வடிவாத் தெரியுமோ?

மயூரதன்: பின்னை? அண்ணை கூட்டிக்கொண்டு போன பொட்டல் குன்றுகள். சாம்பல், மஞ்சள், காவி, கறுப்பு எண்டு வரிவரியா... மழை அரிச்ச இடத்திலை துண்டொண்டு நீட்டிக்கொண்டு நிண்டது.

சிவகௌரி: எடுக்கக்கூடாதெண்டு பலகையும் நிண்டது.

மயூரதன்: ஓம்... வாசிச்சுப்போட்டுத்தான் எடுத்தனான். பெரிய புவியியல் வாத்தியார்! ஜக்கெற் பொக்கற்றுக்குள்ளை ஒளிச்சன்.

சிவகௌரி: எந்தப் பொக்கற்? பனங்கிழங்கைக் கிழிச்சுக் காயவைச்சு, வழியிலை சப்புங்கோ எண்டு நான் ஒடியல் போட்டுவிட்ட பொக்கற்றோ?

மயூரதன்: அதே நிறம்... அதே கோடு... கடவுளே, ஒரு வருசமாப் பிள்ளையள் ஒடியலையோ தடவிப் பார்த்தவை? அதிபர் கை கழுவிப்போட்டெல்லோ தொட்டவர்! எனக்கு ஒரு மாலை போடும்.

சிவகௌரி: எனக்கு நீங்கள் வந்த அண்டைக்கே தெரியும்.

மயூரதன்: என்ன!

சிவகௌரி: நான் கிழிச்ச ஒடியல் எனக்குத் தெரியாதே? பஞ்சிலை படுக்கவைச்சுக் குழந்தையைப் பார்க்கிற மாதிரிப் பார்த்தீங்கள்... சொல்ல வாய் வரேல்லை. நாளைக்குப் படிச்ச மனிசனுக்கு முன்னாலை நீங்கள் வெட்கப்படுறதை என்னாலை பார்க்கேலாது.

மயூரதன்: ம்... கிணத்தடியிலை உடுப்புத் தோய்க்கிற கல்லைக் கொண்டு போறன். அது முழுக்கச் சிப்பி. இந்த நிலம் கடலுக்குக் கீழை கிடந்த காலத்தது.

சிவகௌரி: அப்ப நான் எங்கை தோய்க்கிறது?

மயூரதன்: ஒரு நாளைக்குத்தானே அப்பா. உந்தக் கல்லிலை தினமும் சவுக்காரம் போட்டுக்கொண்டு, களவெடுக்கக் கனடாவுக்குப் போனவன் நான்.

சிவகௌரி: சரி... அப்ப மெய்யான எலும்பு எங்கை?

மயூரதன்: அதை விடும்.

சிவகௌரி: பொறுங்கோ... கனடாவாலை வரேக்கை கடைவாய்ப் பல்லு உடைஞ்செல்லோ வந்தனீங்கள். கோழியெலும்பு கடிச்சதெண்டீங்கள்...

மயூரதன்: உம்மடை ஒடியலைக் கடிச்சுத்தான் உடைஞ்சதெண்டு நினைச்சு, பல்லோடை சேர்த்து அதையும் அந்தக் குன்றடிப் பள்ளத்துக்குள்ளை துப்பினனான். சொன்னால் நீர் மனம் நோவீரெண்டு கோழியெலும்பு எண்டன்... கோழிதான் பொய், எலும்பு மெய்யாப் போச்சு.