சொல்லாமல் வரவேண்டிய அக்காவுக்கு, முன்கூட்டிச் சொல்லிவைத்தவர்கள் அளிக்கும் மடல்

இருபத்திரண்டு ஆண்டுகள் இல்லந்தோறும் நடந்து, எழ முடியாதோரின் நலம் நாடிய நல்லாய்வாளரே! பவானி முதல் உடுமலை வரை பேருந்தேறி, படுக்கையில் கிடப்போரின் பக்கம் நின்ற பண்பின் செல்வியே! பணி நிறைவு பெறும் எங்கள் பாசத்திற்குரிய பாவாத்தாள் அக்கா அவர்களே! வணக்கம்.

இம்மடலை எழுதும் பொறுப்பு, உதவியாளர்களின் பணி அட்டவணையைப் பார்க்கும் கயல்விழியாகிய என்னிடம் வந்தது. போன வருடம் ஓய்வு பெற்றவருக்கு எழுதிய மடலிலேயே பெயரை மாற்றிவிடலாம் என்றார் உடன் வேலை பார்க்கும் ரவிக்குமார் அண்ணன். நானும் உட்கார்ந்தேன். ‘தங்களுக்கு என்றும் தோள் கொடுத்த எங்கள் குழு’ என்றொரு வரி அதில் வந்தது. அதற்குமேல் கை ஓடவில்லை.

வீட்டோடு கிடக்கும் நோயாளிகளுக்கு உதவியாளர்களை அனுப்புவது நம் நிலையத்தின் தொழில். அவர்கள் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று சொல்லாமல் கொள்ளாமல் சென்று பார்த்து, மதிப்பெண் இடுவது தங்கள் கடமை. அக்கடமையைத் தாங்கள் ஆற்றிய அழகை என்னவென்பது! போனவுடன் கை கழுவக் கேட்பீர்கள். குழாயடியில் சோப்பு இருக்கிறதா என்று பார்ப்பதற்காக. குளியலறைத் தரை வழுக்குமா என்று வெறுங்காலால் தேய்த்துப் பார்ப்பீர்கள். மாத்திரை அட்டையில் மிச்சமிருப்பதை எண்ணித் தேதியோடு ஒத்துப் பார்ப்பீர்கள். குதிகால் சிவந்திருந்தால் விரலால் அழுத்தி, சிவப்பு மறைகிறதா என்று காத்திருப்பீர்கள். மறையாவிட்டால் அன்று உதவியாளர் தொலைந்தார்! பிறகு எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு, நோயாளியிடம் தனியே பேசுவீர்கள். பேச்சு வராதவரிடமும் பேசுவீர்கள்.

இத்தனை திறமையையும் நாங்கள் ஒரு போன் காலில் வீணாக்கினோம்.

தாங்கள் எந்த வீட்டுக்குக் கிளம்பினாலும், முதல் நாளே அங்கிருக்கும் உதவியாளரைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுவது இந்த அலுவலகத்தின் வழக்கம். விதியில் கூடாது என்றுதான் இருக்கிறது. ஆனால் ஒரு வீட்டுக்குத் திடீரென்று போய் நிற்பது நம் பக்கத்தில் மரியாதையா? வருகிறவருக்கு ஒரு வாய் காப்பியாவது தயாராக இருக்க வேண்டாமா? இப்படித்தான் எங்களுக்குள் சொல்லிக்கொண்டோம். நம் நிலையத்துக்கு மதிப்பெண் குறையக்கூடாது என்ற ஆசையும் அதற்குள் இருந்தது. அதை நாங்கள் வாய்விட்டுச் சொன்னதில்லை.

போன வருடம் தை மாதம், உடுமலை வெள்ளியங்கிரி ஐயா வீட்டுக்கும் நான்தான் பேசினேன். பக்கவாதத்தில் பேச்சிழந்தவர்; தோப்பு வீட்டில் நம் உதவியாளரோடு இருந்தவர். “அக்கா நாளைக்குப் பத்து மணிக்கு வாராங்க, கொஞ்சம் சுத்தம் பண்ணி வெச்சுபோடுங்க” என்றேன். தாங்கள் போனபோது ஐயா குளித்து, சலவை வேட்டி கட்டி, சாய்வு நாற்காலியில் அமர்ந்திருந்தார். கட்டிலில் மடிப்புக் கலையாத சென்னிமலைப் போர்வை. இப்போதுதான் உட்கார வைத்தது, மறுபடி படுக்க வைத்தால் சிரமப்படுவார் என்றார் உதவியாளர். தாங்கள் அவர் முதுகைப் பார்க்காமல், ‘நன்று’ என்று எழுதித் தந்தீர்கள். இடுப்புக்குக் கீழே அழுகிக்கொண்டிருந்த படுக்கைப் புண்ணின்மேல்தான் ஐயா உட்கார்ந்திருந்தார்.

பத்தாம் நாள் அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண் எலும்பு வரை போயிருந்தது. பிழைத்தார், ஆனால் நாற்பது நாள் குப்புறக் கிடந்தார். கோவையிலிருக்கும் அவர் மகள் ரித்திகா நம் அலுவலகத்துக்கு வந்து, தங்கள் அறிக்கையை மேசைமேல் வைத்தார். “இதுல நல்லா இருக்குதுன்னு போட்டிருந்துச்சுங்க. இதை நம்பித்தானுங்க அந்த ஞாயித்துக்கிழமை நான் அப்பாவைப் பாக்கப் போகாம இருந்துட்டேன்” என்றார்.

“தப்பு என்னுதுங்க அம்மணி. நாந்தான் முதுகைப் பாக்காம வந்துபோட்டேன்” என்றீர்கள்.

நாங்கள் ஆறு பேர் அங்கே இருந்தோம். சிலர் கணினியைப் பார்த்தோம், சிலர் தரையைப் பார்த்தோம். தங்களுக்கு மெமோ வந்தது. ஆய்வுப் பணி பறிக்கப்பட்டு, மூலையில் கோப்புகளுக்கு எண் போட அமர்த்தப்பட்டீர்கள். ஒருநாள் என்னிடம் வந்து, “கண்ணு, அன்னைக்கு நான் போனதும் காப்பி சூடாக் குடுத்தாங்க. நான் வாரது அவிங்களுக்கு எப்படித் தெரிஞ்சுது?” என்று கேட்டீர்கள். “தெரியலீங்க அக்கா” என்றேன். அதன்பின் ஒன்றரை ஆண்டு, தினமும் மதியம் தங்கள் டப்பாவிலிருந்து பொரியல் வாங்கித் தின்றேன். வெட்கங்கெட்ட பிழைப்பு அக்கா அது.

போன வாரம் ரித்திகா வீட்டுக்குப் போனேன். முழுவதையும் சொன்னேன். அவர் உள்ளே வரச் சொல்லவில்லை. சொல்லவேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் இல்லை. “இதை அந்த அக்காகிட்டச் சொல்லிட்டீங்களா?” என்று மட்டும் கேட்டார். இல்லை என்றேன். கதவைச் சாத்திக்கொண்டார்.

ஆகவே இன்று, தங்கள் மக்களும் மருமக்களும் அமர்ந்திருக்கும் இந்த அவையில், அனைவர் காதிலும் விழச் சொல்கிறோம்: அந்தப் பிழையின் வேர் நாங்கள். தங்கள் மெமோவை நீக்கக் கோரி, நடந்ததை நடந்தபடி எழுதி, அறுவரும் கையொப்பமிட்ட கடிதத்தை இன்று காலை மேலாளரிடம் கொடுத்துவிட்டோம். எங்களுக்கு வருவது வரட்டும்.

தாங்கள் நோய்நொடியின்றி, கண்ணொளி மங்காது, கால் தளராது, பேரன் பேத்தியர் புடைசூழப் பல்லாண்டு வாழ வேண்டுகிறோம். எங்களை மன்னிக்குமாறு கேட்க வாய் வரவில்லை.

இம்மடலைச் சட்டமிட்டுத் தங்கள் கையில் தருவதே முறை. தரப்போவதில்லை அக்கா. பெற்றவர்களைப் பார்த்துக்கொள்ள ஆள் கேட்டு வருகிறவர்கள் உட்காரும் நம் முன்னறைச் சுவரில், அவர்கள் கண்ணுக்கு நேரே, இதை மாட்டப்போகிறோம். படித்துவிட்டு அவர்கள் எழுந்து போனாலும் போகட்டும்.

இங்ஙனம்,
தங்கள் வருகையை முன்கூட்டிச் சொல்லிவைத்த
கயல்விழியும் உடன் பணிபுரியும் ஐவரும்,
கோயம்புத்தூர்.