சத்தம் வந்த பக்கம்

தாம்பரத்தில் மின்சார ரயில் கிளம்பியதும் எதிரிலிருந்த பெண் தன் தோழியிடம், "கிளாஸ் மொத்தமும் வெறும் வானத்தைக் கைகாட்டுச்சுடி" என்றாள்.

அவள் இன்ஜினியர், விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூர்ப் பள்ளியொன்றில் தானாக விரும்பிப் போய் அறிவியல் சொல்லிக்கொடுக்கிறவள் என்பது பேச்சில் தெரிந்தது.

"இத்தனை வாரமா யாருமே கவனிக்கல. இன்னியோட நிறுத்திடலாம்னுதான் போனேன். பிளேன் சத்தத்துல என் குரலே எடுபடல. எல்லாரையும் வெளியே கூட்டிட்டு வந்து, அடுத்த பிளேனுக்குக் கண்ணை மூடிட்டு, சத்தம் வர்ற பக்கம் கை நீட்டச் சொன்னேன். கண்ணைத் திறந்தா, கை காட்டுன இடத்தைத் தாண்டி பிளேன் ரொம்ப முன்னாடி போயிடுச்சு!"

"எப்படி?"

"சத்தம் நம்மகிட்ட வந்துசேர நேரமாகுதுல்ல? அதைச் சொன்னதும் ஒரு பொண்ணு, 'வெளிச்சமும் வந்துதானே சேரணும் மிஸ்? அப்ப நாம பாக்குற இடத்துல பிளேன் இல்லையா?'ன்னு கேட்டா."

"நீ என்ன சொன்னே?"

"அடுத்த வாரமும் வரேன்னு சொன்னேன்."