பூட்டு அண்ணனின் மன்னிப்பு

மேடையில் அமர்ந்திருக்கும் முதன்மை ஆசிரியர் அவர்களே, அண்ணனின் குடும்பத்தாரே, நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் அச்சகத் தோழர்களே!

அண்ணனின் இந்த நினைவுக் கூட்டத்தில் பேச வேண்டுமே என்று இன்று காலை எழுந்ததும், முகம்கூடக் கழுவாமல், கணினியைத் திறந்து அண்ணனின் பெயரைத் தேடினேன். முதலில் வந்தது அவர் வாங்கிய விருதல்ல, அவர் கேட்ட மன்னிப்பு. "தவறான படத்துக்கு வருந்துகிறேன்" என்ற தலைப்பு, கீழே அவர் பெயர்.

நம் பத்திரிகையின் பழைய செய்திகளில் எதைத் தேடுபொறி காட்டலாம், எதைக் காட்டக் கூடாது என்று முடிவு செய்தவர் அவர். அதனால்தான் நமக்கெல்லாம் அவர் பூட்டு அண்ணன். எந்தச் செய்தியையும் அவர் அழித்ததில்லை. "அழிச்சா அது பொய். இது கதவைச் சாத்துறது, அவ்வளவுதான்" என்பார்.

ஒருமுறை ஒரு பக்கத்துக்குப் போட வேண்டிய பூட்டைக் கை தவறி முழுத் தளத்துக்கும் போட்டுவிட்டார். விளம்பரப் பிரிவு மேலாளர் தலைதெறிக்க ஓடிவந்தார். "யோவ் அண்ணா, நம்ம பேரைத் தேடினா எதிரி பத்திரிகைதான்யா வருது!" அண்ணன் நிமிராமல் சொன்னார்: "பூட்டு நல்லா வேலை செய்யுதுன்னு தெரிஞ்சுபோச்சுல்ல?"

சிரித்தோம். ஆனால் அந்தப் பூட்டை அவர் யாருக்காகப் போட்டார்? திருட்டு வழக்கில் கைதாகி, குற்றமற்றவர் என்று விடுதலையான ஒரு செவிலிக்காக. அந்தக் கைதுச் செய்தியால் எந்த மருத்துவமனையும் அவரை வேலைக்குச் சேர்க்கவில்லை. யாருக்காகப் போட மறுத்தார்? ஒரு கட்டட முதலாளிக்காக. "பழைய கதை சார், பேரப்பிள்ளைங்க பாக்குறாங்க" என்று குழைந்தார் அவர். "அந்தக் கட்டடம் இடிஞ்சு செத்தவங்களுக்கும் பேரப்பிள்ளைங்க இருக்காங்களே ஐயா" என்றார் அண்ணன்.

நண்பர்களே, அண்ணனின் பூட்டு வேலை இப்போது என் கையில். அதனால் முதன்மை ஆசிரியர் அவர்கள் இன்று காலை என்னை அழைத்தார். "அவர் பேரைத் தேடினா அவரோட பிழைதானாம்மா மொதல்ல வரணும்? சாயங்காலத்துக்குள்ள அதை மறைச்சிடுங்க" என்றார். அன்பில் சொன்னார், நான் அறிவேன். "சரி சார்" என்றுதான் நானும் சொன்னேன். அண்ணனின் மகள் முகம் கண்முன் நின்றபோது வேறென்ன சொல்வேன்?

ஆனால் அந்தப் பக்கம் யாருடையது?

அண்ணன் நிருபராக இருந்த காலத்தில், ஒரு கொள்ளைக்காரனின் செய்தியில், அதே பெயர் கொண்ட ஒரு தையல்காரரின் படத்தைப் போட்டுவிட்டார். கடைக்குத் துணி வருவது நின்றது. பெண்ணுக்குப் பார்த்த சம்பந்தம் முறிந்தது. தவறு தெரிந்ததும் நம் தளத்தில் அந்தச் செய்தியைப் பூட்டவைத்தார் அண்ணன். மற்ற தளங்கள் எடுத்துப் போட்ட நகல்களை என்ன செய்வது? அதற்குத்தான் அந்த மன்னிப்பு. கீழே ஆசிரியர் குழு என்று போட்டால் போதும் என்றார்கள் அலுவலகத்தில். தையல்காரர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பு செஞ்சவர் பேரோட இருந்தாத்தான் சார் ஜனங்க நம்புவாங்க." அண்ணன் தன் பெயரைப் போட்டார்.

இன்றும் அந்தத் தையல்காரரின் பெயரைத் தேடினால் முதலில் வருவது அந்த மன்னிப்பு. நகல்கள் அதற்குக் கீழே கிடக்கின்றன. அதை நாம் மறைத்தால்? நகல்கள் மேலே ஏறும். அவர் மீண்டும் கொள்ளைக்காரர் ஆவார்! தன் பெயர் விளங்க இன்னொருவர் பெயரைக் கெடுக்க அண்ணன் சம்மதிப்பாரா?

தன் பக்கத்தைத் தானே பூட்டும் சாவி பல ஆண்டுகள் அவர் கையில்தான் இருந்தது. அவர் பூட்டவில்லை.

அவர் வேலையைத் தொடர்வோம் என்று எல்லோரும் உறுதி சொன்னீர்கள். நானும் சொல்கிறேன். இங்கே வந்து உட்கார்ந்த பிறகு எடுத்த முடிவு இது, இன்னும் யாரிடமும் சொல்லவில்லை. ஆசிரியர் ஐயா, மன்னியுங்கள். அண்ணனின் மகளே, நீயும் மன்னித்துவிடு அம்மா. அந்தப் பக்கத்தை நான் மறைக்கவில்லை. மறைக்கவும் மாட்டேன்.