கரடி நக்கின செயின்

இல்லண்ணே, நீங்களே சொல்லுங்க. ஒரு கரடி எதுக்கு சைக்கிளை நக்கணும்? காட்டுல பழம் இல்லையா, தேன் இல்லையா, கிழங்கு இல்லையா... பக்கத்துலயே எங்க வீட்டுக்காரர் சைக்கிளும் நிக்குது. அதைத் திரும்பிக்கூடப் பாக்கல. என்னுதை மட்டும் கீழ தள்ளி, மடியில போட்டுக்காத குறையா நக்கிட்டுப் போயிருக்கு. பிரேக் வயரைப் பாருங்க, அது கரடி பல்லுத் தடம்தான். சீட்டைப் பாருங்க... சரி சரி, நீங்க முதல்ல செயினைப் பாருங்க. நான் குறுக்க பேசல.

உங்க கடையில வேற இடம் இல்ல, இந்த டயர் மேல உக்காரலாமா? காத்து இருக்குல்ல? இருக்கட்டும்.

விஷயம் என்னன்னா, அவரு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருக்காரு. சைக்கிளை பஸ் மேல ஏத்துவாங்களான்னு கேக்க. அவரு திரும்பி வர்றதுக்குள்ள இந்த வண்டி உருளணும். உருண்டா கடல் பக்கம், உருளலேன்னா வீட்டுப் பக்கம். ஐநூத்தி நாப்பது கிலோமீட்டர் மிதிச்சாச்சுண்ணே. நாங்க போய்ச் சேர வேண்டிய கலங்கரை விளக்கத்துக்கு இன்னும் அறுபதுதான். அறுபதுக்கு முன்னாடி வந்து பஸ்ல ஏறுறதா?

நான் ஒண்ணும் ஆசைப்பட்டு வரல, அதையும் சொல்லிடறேன். இவருக்கு அம்பது முடிஞ்சதும் ஒரு கிறுக்கு புடிச்சுது. சில பேருக்குத் தலைக்கு சாயம், இவருக்கு சைக்கிள். மூணு மாசம், ஹால்ல பேப்பரை விரிச்சு, போன்ல வீடியோ பாத்துப் பாத்து செயினைக் கழட்டறதும் மாட்டறதும்... வர்றவங்க போறவங்க எல்லாம் அதைத் தாண்டிக் குதிச்சுத்தான் வரணும். என் நாத்தனார் வந்தா. அவளும் தாண்டினா. தாண்டிட்டு சொல்றா, "அண்ணி, நீங்களும் கூடப் போனா, எண்ணி மூணாம் நாள் பஸ்ல வந்து இறங்கலேன்னா என் பேரை மாத்திக்கறேன்"ன்னு. அவ சொன்ன அன்னிக்குத்தான் நான் வர்றதுன்னு முடிவாச்சு. இன்னிக்கு எட்டாம் நாள். பேரை மாத்திட்டாளான்னு போய்க் கேக்கணும்.

என்ன, செயின் வளைய மாட்டேங்குதா? கண்ணி கண்ணியா இறுகிப் போச்சா? அதேதான். மொத நாள் வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. ரெண்டாம் நாள்லேர்ந்து கரகரன்னு ஒரு சத்தம். பட்டு பட்டுன்னு கழண்டுக்கும். ஒவ்வொரு தடவையும் பாவம், அவரு ரோட்டோரத்துல குத்துக்கால் போட்டு உக்காந்துடுவாரு. "நான்தான் சரியா மாட்டல போலிருக்கு, நான்தான் சரியா மாட்டல." அந்தப் பக்கம் லாரி, இந்தப் பக்கம் நான். என்னால சும்மா இருக்க முடியுமா? "ஆமா, மூணு மாசம் ஹால்ல உக்காந்து இதைத்தான் படிச்சீங்களா"ன்னு கேட்டேன். கேக்காம இருந்திருக்கலாம்.

அப்புறம் இந்தப் பிராணிங்க. நான் என்ன பாவம் பண்ணேனோ. ரெண்டாம் நாள் சாயங்காலம் சைக்கிளைச் சுவத்துல சாத்திட்டுத் திரும்பறேன், செயின்ல எறும்பு சாரை சாரையா கல்யாண ஊர்வலம் போவுது. மறுநாள் ஒரு தெரு நாய் ரெண்டு கிலோமீட்டர் கூடவே வந்துச்சு. குலைக்கல, கடிக்கல. மோந்து பாத்துக்கிட்டே, நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு, என் பெடலுக்குப் பக்கத்துலயே. அவரு சொல்றாரு, "உன்னை அதுக்குப் புடிச்சுப் போச்சு." இருபத்தாறு வருஷத்துல அவரு அப்படி ஒரு வார்த்தை சொன்னதில்ல, நாய்க்காகவாவது சொன்னாரேன்னு விட்டுட்டேன்.

நாலாம் நாள் குரங்கு. ஸ்பேனர், பஞ்சர் ஒட்டற பசை எல்லாம் வச்சிருந்த பை, அப்படியே அள்ளிட்டு மரத்துல ஏறிடுச்சு. மேல உக்காந்துக்கிட்டு ஒவ்வொண்ணா எடுத்து மோந்து பாத்து கீழ போடுது. ஸ்பேனரைப் போட்டுச்சு, பம்ப்பைப் போட்டுச்சு. எதை வச்சுக்கிச்சு தெரியுமா? நான் கை தொடைக்கிற பழைய துணி. அதைப் போயி சப்பிக்கிட்டு உக்காந்திருக்கு. பைத்தியக்காரக் குரங்குன்னு நினைச்சோம்.

இன்னிக்கு விடிகாலைல கரடி. நாங்க ராத்திரி தங்கின காட்டு பங்களா காவக்காரர் தட்டைத் தட்டி விரட்டினாரு. அது ஒண்ணும் பதறல, கடைசியா ஒரு நக்கு நக்கிட்டு, வாயைத் தொடைச்ச மாதிரி ஆடி அசைஞ்சு போச்சு. அப்புறம் ஏறி ஒரு மிதி மிதிச்சேன், செயின் அறுந்தே போச்சு. அவரு பாத்துக்கிட்டே நின்னாரு. "என் கைவேலையை நம்பி உன்னைக் காட்டுக்குள்ள கூட்டிட்டு வந்தேனே, போதும்மா"ன்னாரு. அந்த வழியா வந்த வேன்ல ரெண்டு சைக்கிளையும் ஏத்தி இங்க வந்தோம், இறங்கினதும் நேரா பஸ் ஸ்டாண்டுக்கு நடந்துட்டாரு. அதாண்ணே எனக்கு... கரடி கூடப் பரவால்ல.

எதுக்கு மோந்து பாக்கறீங்க?

எங்க, காட்டுங்க. ...இல்லியே. எனக்கு ஒரு வாசனையும் தெரியலியே. ஜலதோஷம்.

என்ன எண்ணெயா? செயினுக்குப் போடற எண்ணெய்தான். அவரு ஒரு குட்டி பாட்டில் குடுத்தாரு. அது... ஒரே நாத்தம்ணே. மொத நாளே பைக்குள்ள கொட்டி என் துணியெல்லாம் கருப்பு. தூக்கிப் போட்டுட்டேன். அழுக்கைப் பாத்துட்டு என்னால சும்மா இருக்க முடியாது. கான்வென்ட்ல மதர் தினம் காலைல வரிசையா நிக்க வச்சு நகத்தைப் பாப்பாங்க, அப்படி வளந்தவ நான். என் செயின் தார் மாதிரி இருந்துச்சு. தினம் சாயங்காலம் அவரு குளிக்கப் போறப்ப, பாத்திரம் தேய்க்கிற பவுடரும் நாரும் வச்சு தேய் தேய்னு தேய்ச்சேன். வெள்ளித் தட்டு மாதிரி ஆயிடுச்சு. தேய்ச்சுட்டு வெறும் செயினா விட முடியுமா? ரெண்டு ஸ்பூன்... கடலை எண்ணெய். சமைக்கக் கொண்டு வந்தது. செக்குல ஆட்டினது, வாசனையா இருக்கும்.

சிரிக்காதீங்க. அப்ப எறும்பு, நாய், குரங்கு... எல்லாம் அதுக்குத்தானா? பவுடர் உள்ள போயி துரு, அதுமேல எண்ணெய், அதுமேல மண்ணு. அவரு மாட்டினதுல ஒரு குறையும் இல்லயா? நிச்சயமாவா? ஐயோ, அந்த மனுஷன் இத்தனை நாளா ரோட்டோரத்துல உக்காந்து...

புது செயின் மாட்டிடுங்க, பிரேக் வயரையும் மாத்திடுங்க. இந்தாங்க, இந்த எண்ணெய் பாட்டில், பாதிக்கு மேல இருக்கு, உங்க வீட்டுல தாளிக்கட்டும். அவருகிட்ட நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம். நானே சொல்லிடுவேன். மறைக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. கலங்கரை விளக்கம் போய்ச் சேந்து, அவரு ஒரு டீ குடிச்சு, மனசு நல்லா இருக்கறப்ப...

வாங்க, என்னங்க சொல்றாங்க பஸ்காரங்க? ஏத்துவாங்களாமா? வேணாம், விடுங்க. இங்க பாருங்க, புது செயின் போட்டாச்சு, எப்படி ஓடுது. உங்க வேலையில ஒரு குறையும் இல்லையாம், அண்ணன் அடிச்சுச் சொல்றாரு. இல்லண்ணே? அண்ணே? ...இப்ப இங்கதான இருந்தாரு, பின்பக்கம் எங்க போயிட்டாரு?

எது? அவரு கையில இருந்ததா? ஆமா, நம்ம சமையல் எண்ணெய் பாட்டில்தான். அது ஏன் சைக்கிள் கடைக்காரர் கைக்குப் போச்சுன்னா...

நீங்க முதல்ல ஏறுங்க. மிதிங்க, சொல்றேன். அறுபது கிலோமீட்டர் இருக்குல்ல.