வண்டி சுத்தம்

சின்ன வயதிலிருந்தே எனக்கு ஒரு பழக்கம். பக்கத்தில் யாராவது சிரித்தால் எனக்கும் சிரிப்பு வந்துவிடும். காரணம்கூடத் தெரிய வேண்டாம். பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் போனில் எதையோ கேட்டுச் சிரித்தால், பின் சீட்டில் நான் வயிற்றைப் பிடித்துக்கொள்வேன். இதை முதலில் எழுதிக்கொண்டீர்கள் என்றால் மற்றதெல்லாம் உங்களுக்குச் சுலபமாகப் புரியும்.

பழைய கார்களின் பூர்வீகம் பார்த்துச் சொல்வது என் வேலை. மாடியில் ஒரே அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், எதிரே இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கார் வாங்கப் போகிறவர்கள் வண்டி நம்பரையும் சேஸிஸ் நம்பரையும் எழுதிக்கொண்டு வருவார்கள். மோதி நொறுங்கியோ வெள்ளத்தில் முங்கியோ, இனி இது தேறாது என்று இன்ஷூரன்ஸ்காரர்கள் கைகழுவிய வண்டியை நாங்கள் டோட்டல் லாஸ் என்போம். அதையும் யாராவது எடுத்து, வெட்டி ஒட்டி, பெயிண்ட் அடித்து, புது மாப்பிள்ளை கணக்காக நிறுத்திவிடுவார்கள். கண்ணால் பார்த்தால் தெரியாது. என் திரையில் தெரியும்.

மூன்று வருடம் உள்ளதை உள்ளபடியே சொன்னேன். வருகிறவர்கள் சீட் கவர் கலர்வரை பேசி முடித்துவிட்டு வருவார்கள். ஜன்னலோரம் யாருக்கு என்று பிள்ளைகள் படியிலேயே அடித்துக்கொள்ளும். நான் "டோட்டல் லாஸ்" என்றதும் எல்லோரும் காற்றுப் போன டியூப் மாதிரி ஆகிவிடுவார்கள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு படி இறங்குவார்கள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது.

ஒரு நாள் டிராயிங் வாத்தியார் ஒருவர் மனைவியோடு வந்தார். அந்த அம்மா உட்காரவே இல்லை, மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். திரையில் டோட்டல் லாஸ் என்று சிவப்பு எழுத்து வந்தது.

"என்னம்மா, எப்படி இருக்கு?" என்று என்னைக் கேட்டார் வாத்தியார்.

"வண்டி சுத்தம் சார்."

என் வாயிலிருந்துதான் வந்தது. வாத்தியாருக்கு அறுபது வயது இருக்கும், நின்ற இடத்தில் ஒரு குதி குதித்தார். "கேட்டியா, சுத்தமாம். நான் சொன்னேன்ல, சுத்தமாம்." அந்த அம்மா என் கையைப் பிடித்து உலுக்கிய உலுக்கில் தண்ணீர் டம்ளர் பிரிண்டர்மேல் கவிழ்ந்தது. மூன்று பேரும் கண்ணில் நீர் வரும்வரை சிரித்தோம். பிரிண்டர் இரண்டு நாள் வேலை செய்யவில்லை. எனக்கோ இரண்டு நாளும் தரையில் கால் பாவவில்லை. அந்த வண்டி இன்றைக்கும் ஓடுகிறது. போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அதன்பிறகு இரண்டு வருடத்தில் முப்பத்தொரு வண்டி. செய்ய வேண்டியது ரிப்போர்ட்டில் ஒரு வரியை அழித்து இன்னொரு வரியை அடிப்பது மட்டும்தான். பலூன் கட்டிக்கொண்டு வாசலில் வந்து ஹாரன் அடிப்பார்கள். "ஒரு ரவுண்டு வாங்கக்கா" என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். "முழங்கால் வலி, இன்னொரு நாள் வர்றேன்" என்று மாடியிலிருந்தே கையசைப்பேன். அந்தத் தெருவே கல்யாண வீடு மாதிரி இருக்கும்.

எலக்ட்ரீஷியன் பையனைப் பற்றிக் கேட்டீர்கள். அவன் வண்டியில் முன்சக்கரம் கழன்று போனது. வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்தேன். "நீங்க பாத்துச் சொன்ன நல்ல வண்டிதான்க்கா. நான்தான் வேகமாப் போயிட்டேன்" என்றான். "இனிமே நிதானமா ஓட்டு தம்பி" என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்ன பிறகுதான் எனக்கும் அவனுக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது, அவன் இனி எப்படி ஓட்டுவான் என்று. இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல பையன்.

தங்கை விஷயத்துக்கு வருகிறேன். எனக்குப் பிள்ளை இல்லை. நீங்கள் கேட்டதால் சொல்கிறேன், இதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. தங்கைக்கு ஒரு பெண், மூன்று வயது. பட்டு என்று கூப்பிடுவோம். தங்கை வீட்டுக்காரர் வெள்ளைக் கார் ஒன்றைப் பார்த்துவிட்டு, நம்பரை என் போனுக்கு அனுப்பினார்.

அது முன்பாதி ஒரு வண்டி, பின்பாதி வேறு வண்டி. ஏர்பேக் கிடையாது. ஸ்டியரிங் ராடு வளைந்தது என்று தனியாகவே குறித்திருந்தார்கள். அப்படி ஒரு ரிப்போர்ட்டை நான் பார்த்ததில்லை. இரண்டு முறை படித்தேன். பிறகு தங்கைக்குப் போன் போட்டேன்.

"அக்கா, சட்டுனு சொல்லு."

"சுத்தம்டி."

அவள் போட்ட கூச்சலில் போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடிக்க வேண்டியிருந்தது. பின்னால் மாப்பிள்ளை விசில் அடித்தார். பட்டு தட்டைக் கரண்டியால் தட்டினாள். "உன் வாய்க்குச் சர்க்கரை போடணும்க்கா" என்றாள் தங்கை. நான் அறைக்குள் தனியாக நின்று ஆடினேன் என்றால் நம்புவீர்களா?

அந்த ஞாயிற்றுக்கிழமை மலைக்குக் கிளம்பினார்கள். மலைப்பாதையை எடுத்துச் சொன்னது நான்தான். முப்பத்தாறு வளைவு, ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி. காலையில் வழியனுப்பப் போனேன். பட்டு தொப்பி போட்டுக்கொண்டு பின் சீட்டில் ஏறி உட்கார்ந்திருந்தாள். கதவைத் திறந்து அவளைத் தூக்கினேன்.

"இவளை என்கிட்ட விட்டுட்டுப் போ. வளைவுல வாந்தி எடுப்பா."

"அவ எதுலயும் வாந்தி எடுத்ததே இல்லையேக்கா."

"நீங்க ரெண்டு பேரும் ஜாலியாப் போயிட்டு வாங்க."

தங்கைக்கு முகம் மலர்ந்துவிட்டது. கல்யாணத்துக்குப் பிறகு இருவரும் தனியாகப் போனதே இல்லையாம். என் கன்னத்தில் ஒரு முத்தம் வைத்துவிட்டு ஏறினாள். பட்டு காரைப் பார்த்துக் கையை நீட்டி அழுதாள். தெருமுனைவரை ஹாரன் கேட்டது.

வண்டி உருண்டது பதினோராவது வளைவில் என்று நீங்கள் சொல்லித்தான் தெரியும். ரிப்போர்ட்டை மாற்றியது நான். தெரிந்துதான் மாற்றினேன். அதை எந்த இடத்திலும் மறுக்கவில்லை. ஆனால் கெட்ட எண்ணம் என்று மட்டும் எழுதாதீர்கள். அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டே போனார்கள். எத்தனை பேருக்கு அப்படி அமைகிறது?

குழந்தை ஒரு வாரம் அழுதாள், பிறகு பழகிவிட்டாள். முந்தாநாள் தூக்கக் கலக்கத்தில் என்னை அம்மா என்றாள். நான் திருத்தவில்லை.

என் வீட்டிலிருந்து எடுத்த ரசீதைக் காட்டி, சின்னக் கட்டில் யாருக்கு என்று கேட்கிறீர்கள். பட்டுவுக்குத்தான். அவர்கள் மலைக்குப் போனதற்கு நான்கு நாள் முன்பு வாங்கினேன். தேதியில் தப்பு ஒன்றும் இல்லை. அந்த வாரம்தான் கடையில் தள்ளுபடி போட்டிருந்தார்கள்.