மருமகள் ராசியும் மகனின் மரபணுவும்

மின்விசிறியைத் தம் பக்கமே திருப்பி வைத்துக்கொண்டு இவ்விழாவுக்குத் தலைமை தாங்கும் குடியிருப்போர் சங்கத் தலைவர் மணவாளன் அவர்களே! பட்டாபிராமில் ரயில் பிடிக்கும் வேகத்தில் முன்வரிசை நாற்காலிகளைப் பிடித்துவிட்ட பெரியோர்களே! பின்வரிசையில் அமர்ந்தபடியே முன்வரிசையை அடக்கி ஆளும் தாய்மார்களே! எழிலரசியின் வணக்கம்.

என்னை 'டாக்டர்' என்று அறிவித்தார்கள். உடனே ஒருவர் நாக்கை நீட்டுகிறார். ஐயா, உள்ளே போடுங்கள்! நான் ஊசி போடும் டாக்டர் அல்ல; முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வராத டாக்டர். என்ன கேட்கிறீர்கள்? "இன்னும் படிச்சிக்கினே கீறியாம்மா?" ஆமாம் அண்ணாத்தே, இன்னும் தேறவில்லை!

எதைப் படிக்கிறேன்? ஒரே காய்ச்சல். ஒருவர் கஞ்சி குடித்து எழுகிறார். இன்னொருவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக்குப் போராடுகிறார். ஏன்? வயதா? வலுவா? பிறக்கும்போதே பெற்று வந்த மரபணுவுக்கும் அதில் பங்கு உண்டா? இதுதான் என் வேலை.

என்னைவிட வேகமாக விடை கண்டுபிடித்த வீடு ஒன்று நம் தெருவில் உண்டு. அந்த வீட்டு விக்ரமும் சுதாவும் சொல்லச் சொன்னதால் சொல்கிறேன்.

சென்ற மழைக்காலத்தில் அங்கே எல்லோருக்கும் காய்ச்சல். பெரியவர் கஜபதி ஐயா இரண்டே நாளில் டீக்கடைக்குப் போய்விட்டார். தினமும் பளு தூக்கும் அவர் மகன் விக்ரம் செயற்கைச் சுவாசத்தில் கிடந்தார். உடனே தீர்ப்பு வந்தது! குற்றவாளி, புதிதாய் வந்த மருமகள் சுதா!

"இவ ராசிதான் இப்டி பண்ணிச்சு. ஆஸ்பத்திரி பக்கமே வரக் கூடாது" என்றார் மாமியார் சுசீலா அம்மா. கணவன் தீவிர சிகிச்சைப் பிரிவின் கண்ணாடிக்கு உள்ளே. மனைவி ஆஸ்பத்திரி கேட்டுக்கு வெளியே!

ஆய்வுக்கு விக்ரமின் ரத்தம் கேட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். கஜபதி ஐயா ஆவலோடு அருகில் வந்தார்.

"இன்னாம்மா, மருமவளாலதான் வந்துச்சுன்னு உன் மிஷின்ல தெரியுமா?"

"மிஷினே வேணாம் ஐயா. உங்க பையன் உடம்புல அவங்க மரபணு துளிகூட இல்ல. பாதி உங்களுது, பாதி அம்மாவுது."

"எங்களுதா?"

மனைவியைப் பார்த்தார். தரையைப் பார்த்தார். "அப்டின்னா இந்த ஆராய்ச்சியே வேணாம்மா!"

சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டுக்கும் வருவேன்!

வெளியே வந்து சுதாவிடம் அதையே சொன்னேன். கண்ணைத் துடைத்துக்கொண்டார். நேரே உள்ளே நடந்தார். மறித்து நின்ற மாமியாரிடம் சொன்னார்: "அத்தை, அவரு உங்க ரத்தம். ஆனா என் புருஷன். நகருங்க."

நகர்ந்தார்கள்! ஆய்வுக்கும் சுதாவே ஒப்புதல் தந்தார். விக்ரம் பிழைத்தார். காப்பாற்றியவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும். என் ஆராய்ச்சி அல்ல. பிழைத்ததும் வீடு என்ன சொன்னது? "எங்க வம்சத்து ஒடம்பு, அதான் தாங்கிச்சு!" விழுந்தால் மருமகள் ராசி, எழுந்தால் வம்சத்தின் பெருமை!

அன்பானவர்களே, ஆயிரமாயிரம் பேரின் ரத்தத்தை ஆராய்ந்தும் ஒரு மரபணுமீது பழி சொல்ல எனக்குச் சான்று போதவில்லை. ஒரு பெண்மீது பழி சொல்ல மட்டும் உங்களுக்கு எப்படிப் போதுகிறது?

பொறுமையாய்க் கேட்ட அனைவருக்கும் நன்றி. முகம் சிவந்தும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் சுசீலா அம்மாவுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதல் நன்றி. வணக்கம்!