அயர்லாந்து வீட்டு மாதா

– அன்ரி, மூண்டாந்தரம் சொல்லுறன். இது மாதா இல்லை.

– பிள்ளை நடாலி, நீர் மியூசியத்தில வேலை செய்யிறீர், படிச்ச பிள்ளை, மதிக்கிறன். ஆனா முப்பத்தொன்பது வருசமா நான் மண்டாடுற ஆள் ஆரெண்டு எனக்குத் தெரியாதோ? இஞ்சேருங்கோ, ரீவியை நிப்பாட்டிப்போட்டு வாங்கோ. இந்தப் பிள்ளை எங்கட மாதாவைக் கழட்டிக்கொண்டு போக வந்து நிக்குது.

– வாறன், வாறன். தேத்தண்ணி குடுத்தனியே சிசிலி? முதல் தேத்தண்ணி, பிறகு சண்டை. அதுதானே முறை.

– ஸ்ரனிஸ்லாஸ் அங்கிள், சண்டை ஒண்டுமில்லை. வாற வியாழன் கண்காட்சி திறக்கிறம். ஹவுஸ் கில்றேனாவைப் பற்றி. நீங்கள் எண்பத்தாறில அகதியா அசூல் கேட்டு வந்து இருந்த பெரிய வீடு.

– ஆ, அந்த ஒழுக்கு வீடோ? அதைத்தான் இடிச்சுத் தள்ளி, தளபாடக் கடைக்குக் கார் விடுற இடமாக்கிப் போட்டாங்களே.

– கெனாவ், அதேதான். அதின்ர கதையை எழுதுறதுதான் என்ர வேலை. அதுக்கு இந்தப் படம் வேணும்.

– வியாழன் வரட்டும் பிள்ளை, பிறகு பாப்பம். இண்டைக்கு ஒன்பதாஞ் சனி. என்ர மகன் றெக்ஸுக்கு முப்பத்தேழு வயசு. லைப்சிக்கில நல்ல வேலை, நல்ல வீடு, குசினியில மட்டும் ஒருத்தரும் இல்லை. அவனுக்கு ஒரு கலியாணம் சரிவர வேணுமெண்டு ஒன்பது சனி ஒருநேரம் சாப்பிட்டு ஒருசந்தி இருந்து செபிக்கிறன். எட்டு முடிஞ்சுது. ஒன்பதாவதில வந்து மாதா இல்லையெண்டா நான் எங்க போறது?

– நீ கொஞ்சம் பொறு சிசிலி. அந்த வீட்டின்ர கதையைக் கேப்பம். மூண்டு வருசம் இருந்தும் அது ஆற்ற வீடெண்டு எனக்குத் தெரியாது. சொல்லும் பிள்ளை.

– டொனலன் எண்டொரு அயர்லாந்துக்காரர், இஞ்ச ஜேர்மனிக்கு, டோர்ட்மண்டுக்கு வெளியில நிலக்கரிச் சுரங்கம் வெட்ட வந்தவர். அயர்லாந்தில தகப்பன்ர வீட்டை இடிச்சுப்போட்டாங்கள் எண்ட கவலையில, அதே வீட்டை, அதே யன்னல், அதே புகைபோக்கியோட இஞ்ச கட்டினவர்.

– அதே ஒழுக்கோட எண்டும் எழுதும். மழை பெய்தா இருபத்திரண்டு வாளி வைக்க வேணும்.

– எழுதியிருக்கிறன் அங்கிள். அவற்ற கடிதங்களிலையும் வாளிக் கதை இருக்கு. காலுக்குக் கீழ முழுக்க நிலக்கரி, ஆனா மனுசன் அயர்லாந்துச் சேத்துமண்ணைக் காயவைச்சு, கப்பலில எடுப்பிச்சுத்தான் அடுப்பெரிச்சவர். அந்தப் புகை மணக்காட்டி நித்திரை வராதாம்.

– அதில என்ன பிழை? நானும் இவருக்கெண்டு கொழும்பில இருந்து மூண்டு கிலோ மிளகாய்த்தூள் கொண்டு வந்தனான். பிராங்க்பேர்ட்டில பிடிச்சு, நாயை விட்டு மணக்க விட்டவங்கள். அந்த நாய் பிறகு உத்தியோகத்துக்கே திரும்பேல்லையாம்.

– டொனலனுக்குப் பிறகு அது சங்கீதப் பள்ளிக்கூடம். யுத்த நேரம் ஆஸ்பத்திரி. பிறகு கோழிப்பண்ணை. கடைசியா முப்பத்தொரு தமிழர்.

– கோழிக்கு அடுத்தது நாங்களோ? அதைக் கொஞ்சம் மாத்தி எழுதேலாதோ பிள்ளை?

– வரலாறு அங்கிள். மாத்தேலாது.

– அதுதான் மெத்தையைத் தட்டத் தட்டச் செட்டை பறந்தது. சரி விடும்.

– கோழிக் கதை காணும். என்ர மாதாவின்ர கதைக்கு வாரும்.

– வாறன் அன்ரி. டொனலன்ர மனுசி ஹென்றியேற்றா. இது அவவின்ர படம்.

– நீல உடுப்பு. தலையில முக்காடு. மாதா இல்லாமல் வேற ஆராம்?

– முக்காடில்லை. குதிரை ஓடேக்க தலைமயிர் பறக்காமல் கட்டுற துணி.

– கையில செபப் புத்தகம் இருக்கு.

– இந்த ரப்லெட்டைப் பாருங்கோ. இதே படத்தை, ஆயிரத்து எண்ணூற்றி எண்பத்தொண்டில ஆரோ போட்டோ எடுத்து வைச்சிருக்கினம். பெரிசாக்குறன். கையில என்ன தெரியுது?

– சீட்டு.

– அஞ்சு சீட்டு. விளையாடி, புருசன்ர ரெண்டு குதிரையைத் தோத்தவ.

– மடியில செம்மறிக்குட்டி எல்லோ?

– போட்டோவில நாய் அன்ரி.

– அதுதானோ அந்தக் குட்டிக்கு எப்பவும் நாக்கு வெளியில தொங்கினது? பாவம், தாகமாக்கும் எண்டு நான் பக்கத்தில தண்ணியும் வைச்சனான். சரி, பின்னால சூசையப்பர் நிக்கிறார். கழுதையோட, எகிப்துக்குப் போற வழியில. அதுக்கு என்ன சொல்லுவீர்?

– அது குதிரை. அந்த ஆள் அவையின்ர குதிரைக்காரன். ஒரு நாள் விடியக் காலமை ஹென்றியேற்றா அவரோட ஓடிப்போட்டா.

– சூசையப்பரோடையோ?

– குதிரைக்காரனோட அன்ரி. டொனலன் கோவத்தில படத்தை நிலவறைக்குள்ள எறிஞ்சவர். ஆனா எனக்கு ஒண்டுதான் விளங்கேல்ல. சீட்டு எப்பிடிப் புத்தகமாச்சு? ஆர் இதுக்கு மேல கீறினது?

– சிசிலி, தேத்தண்ணி ஆறுது.

– தேத்தண்ணி கிடக்கட்டும். இஞ்ச என்ர முகத்தைப் பாருங்கோ. ஊரில, பேசாலையில வள்ளங்களுக்குப் பெயர் எழுதினது ஆர்?

– நான்.

– கோயில் சொரூபங்களுக்குப் பெயின்ற் அடிச்சது?

– அதுவும் நான்தான்.

– அப்ப இது?

– நீ வந்து இறங்கின கிழமை முழுக்க அழுதனி சிசிலி. சாப்பாடில்லை, நித்திரையில்லை. அம்மா எண்டு அழுதாய், ஊர் எண்டு அழுதாய், கோயில் எங்க எண்டு கேட்டுக் கேட்டு அழுதாய். வெளியில முழங்காலளவு பனி. கட்டின மனுசி அழ, பாத்துக்கொண்டிருக்க எனக்கு ஏலாமல் போச்சு. நிலவறையில இந்தப் படம் கிடந்தது. மூண்டு நாள் களவா இருந்து, சீட்டைப் புத்தகமாக்கி, நாயைச் செம்மறியாக்கி, மேல கொண்டந்து வைச்சன். நீ முழங்காலில நிண்டு செபிச்சாய். அண்டைக்குத்தான் முதல் முதல் ஒரு பிடி சோறு திண்டனி. அதுக்குப் பிறகு நான் எப்பிடி வாயைத் திறக்கிறது?

– முப்பத்தொன்பது வருசம்.

– ஓம்.

– என்னை நாய்க்கு மெழுகுதிரி கொழுத்த விட்டிருக்கிறியள்.

– நீ குட்டியெண்டு நினைச்சுத்தானே கொழுத்தினனி. அது போகவேண்டிய இடத்துக்குப் போயிருக்கும்.

– அப்ப என்ர ஒன்பது சனி? புருசனை விட்டிட்டு ஓடினவளிட்டையோ நான் பிள்ளைக்குக் கலியாணம் கேட்டனான்?

– இஞ்சரப்பா, எனக்கு இப்பதான் ஒண்டு வெளிக்குது. ஒக்ரோபர் மாதம் செபமாலைக்கு இந்தப் படத்தை வீடு வீடாக் கொண்டு போறனாங்கள். பிறேமா வீட்டில ஒரு கிழமை இருந்ததெல்லோ. பிறேமா என்ன கேட்டவ?

– மகள் லாராவுக்குக் கனடா மாப்பிளை.

– லாரா ஆரைக் கட்டினவள்?

– கார் ஓடப் பழக்கின வாத்தியை.

– அன்ரனிற்றா வீட்டில மகன் யூட்சனுக்கு மன்னாரில பொம்பிளை பாக்கச் சொல்லி அழுதவை. அவன் ஆரைக் கட்டினவன்?

– தன்ர பல்லைப் பிடுங்கின டொக்ரரை. ஒருத்தருக்கும் சொல்லாமல் கலியாணத்தைப் பதிஞ்சுபோட்டு, வந்து வாசலில நிண்டவன்.

– அவை சந்தோசமா இருக்கினமோ அன்ரி?

– அதுதான் கோதாரி. எல்லாரும் நல்லா இருக்கினம்.

– அப்ப ஹென்றியேற்றா சும்மா இருக்கேல்ல சிசிலி. தனக்குத் தெரிஞ்ச தொழிலைச் செய்திருக்கிறா.

– உங்களுக்குப் பகிடி. பிள்ளை நடாலி, கழட்டும். வியாழன் வரைக்கும் வேண்டாம், இப்பவே கழட்டும். றெக்ஸுக்கு ஒண்டும் நடக்க முதல் இவவைக் கொண்டு போம். போர்வை தாறன், சுத்திக்கொண்டு போம்.

– உங்களுக்குக் கவலையா இல்லையோ அன்ரி?

– இருக்கு பிள்ளை, பொய் ஏன் சொல்லுவான். அந்த ஒழுக்கு வீட்டில நான் அழுததெல்லாம் பாத்தவ இவதான். சீட்டாடினாலும் ஓடினாலும் என்னோட இருந்தவ. ஆனா எனக்கு ஒரே ஒரு பிள்ளை. அவன் கட்டேக்க நான் பக்கத்தில நிண்டு கண்ணாலை பாக்க வேணும். அதைவிட எனக்கு இந்த நாட்டில வேற ஒரு ஆசையும் இல்லை. ஏன் பிள்ளை முகம் வெளிறிப் போச்சு? பசிக்குதோ?

– இல்லை அன்ரி.

– பாரமெண்டா நான் காரடி மட்டும் தூக்கித் தாறன். ஒண்டு கேக்க மறந்து போனன் பிள்ளை. இந்தப் படம் எங்களிட்டைக் கிடக்கெண்டு மியூசியத்துக்கு ஆர் சொன்னது?

– மியூசியத்துக்குத் தெரியாது அங்கிள். நான்தான் கண்டனான். நத்தார்ப் பண்டிகைக்கு வீடியோவில கதைக்கேக்க, அவருக்குப் பின்னால இந்தச் சுவரில தொங்கினது.

– ஆருக்குப் பின்னால?

– றெக்ஸுக்கு.

– எங்கட றெக்ஸோ? அவனோட நீர் நத்தாருக்கு என்ன கதை?

– போன வெள்ளிக்கிழமை நாங்கள் ரெண்டு பேரும் பதிஞ்சிட்டம். அவர் கீழ காருக்குள்ள இருக்கிறார். மேல வரப் பயமாம், மாமி.